பட்டியலில் இல்லாத புட்டி

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கடல் லாரியில்தான் வரும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, வைக்கோல் திணித்த மரப்பெட்டிகளில், பெட்டிக்கு இருபத்துநாலு புட்டி. பின்வாசலைத் திறந்தால் எதிரே கடல் கிடக்கிறது. ஆனால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்களுக்கு வேண்டியது ஆராய்ச்சிக் கப்பல் போகிற தூரத்துக் கடல். எந்த இடம், என்ன தேதி, எத்தனை ஆழம் என்று சீட்டு ஒட்டி, மூடிக்கு மெழுகு வைத்து அனுப்புவார்கள். பெட்டியை இறக்குவது, புட்டிகளைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது, அளந்து முடித்த பிறகு கழுவிக் கவிழ்ப்பது என் வேலை. இருபத்தாறு வருஷமாகக் கழுவுகிறேன். உலகத்துக் கடலையெல்லாம் சாக்கடையில் கொட்டியவன் என்று என்னை யாராவது சொன்னால் கோபப்பட மாட்டேன்.

அளப்பவள் சொட்டு. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. கூடத்தில் எல்லோருக்கும் அவள் சொட்டுதான். நீளமான கண்ணாடிக் குழாயில் வெள்ளி கரைந்த திரவம் இருக்கும். கீழே குடுவையில் பத்து மில்லி கடல், அதில் மஞ்சளாக நாலு துளி மருந்து. குழாயைத் திருகித் திரவத்தை விட விட, பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டும். கடலில் இருக்கிற குளோரின் வெள்ளியைப் பிடித்து வைத்துக்கொள்கிற வரைக்கும் மஞ்சள் மாறாது. பிடிக்க ஆளில்லாமல் போகிற முதல் சொட்டில் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கும். அங்கே நிறுத்த வேண்டும். எத்தனை மில்லி இறங்கியதோ அதை வைத்து, ஆயிரத்துக்கு எத்தனை உப்பு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். படித்து வந்த பிள்ளைகளெல்லாம் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு தாண்டிவிட்டு முழிப்பார்கள். இவள் தாண்டி நான் பார்த்ததில்லை. அந்தத் திரவம் பட்டுப் பட்டு அவளுடைய வலது கை விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன. அது எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு.

அவள் புருஷன் அந்தக் கப்பலில் தளத்து வேலை. கயிற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் மொள்ளுவதால் அவருக்குப் பேர் வாளி. அவர் வாளியில் அள்ளுவதை இவள் சொட்டில் அளக்கிறாள், இந்தக் குடும்பத்தில் எதுவும் நடு அளவாக இருக்காது என்று நான் கேலி செய்வேன். அவள் சிரிக்க மாட்டாள். குடுவையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, சிரிச்சா கை ஆடும். அஞ்சு மணிக்கு மேல சொல்லுங்க, மொத்தமா சிரிச்சிடறேன்" என்பாள்.

ஆள் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை. கடிதம் என்றால் அவருக்கு வேப்பங்காய். ஒரு அட்டையில், 'நலம். இன்னும் ஒரு சுற்று இருக்கிறது' என்று இரண்டு வரி எழுதுவதற்குள் வியர்த்துவிடும் போல. அதற்குப் பதிலாக அவர் ஏழு வருஷமாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கோலுக்கு அடியில் பட்டியலில் இல்லாத ஒரு புட்டி இருக்கும். அதன் சீட்டில் இடம் இருக்காது, ஆழம் இருக்காது. தேதியும் மணியும் மட்டும். நான் முதலில் அதைத் தேடி எடுத்து என் அலமாரியில் வைத்துவிடுவேன். அதிகாரி கண்ணில் பட்டால் அந்தப் புட்டிக்கும் ஒரு எண் போட்டுவிடுவார். ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு சொட்டு அதைப் பிரித்து அளப்பாள்.

"முப்பத்தி மூணு. மழைக்கடல்ல இருந்திருக்காரு. நனைஞ்சிட்டு நின்னு மொண்டிருப்பாரு, தலையைக் கூடத் துவட்டியிருக்க மாட்டாரு" என்பாள். இன்னொரு தடவை, "முப்பத்தி ஆறு. வெயில் கொளுத்துது போல" என்பாள். மழையும் ஆறும் சேர்கிற கடலில் உப்பு குறையும், மழையில்லாமல் காய்கிற கடலில் கூடும் என்பதை வைத்து அவள் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பாள். மற்றவர்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவள் மிச்சத் தண்ணீரோடு புட்டியை மூடி வீட்டுக்கு எடுத்துப் போவாள். அந்தப் புட்டிகளை மட்டும் அவள் என் கையில் கழுவக் கொடுத்ததே இல்லை.

கூடத்தை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கிற வீடுகள். அவள் வீட்டுக்கு அடுத்தது என் வீடு. அவள் வீட்டு ஜன்னல் திட்டில் நாற்பத்தோரு புட்டிகள் வரிசையாக நிற்கும். சாயங்கால வெயில் அதில் பட்டு எதிர்ச் சுவரில் ஆடும். வீட்டில் இரண்டே பேர்: அவளும், வாளியின் அக்காவும். நாத்தனார் தையல்காரி. வாய்க்கும் மெஷினுக்கும் போட்டி வைத்தால் மெஷின்தான் முதலில் களைக்கும்.

"ஊர்ல எல்லாப் பொம்பளையும் நகை வாங்கிட்டு வான்னு சொல்றாளுங்க. என் தம்பி பொண்டாட்டிக்குத் தண்ணி வந்தா போதும். குடிக்கக்கூட ஆகாத தண்ணி" என்பாள்.

"உங்க தம்பிக்குக் கொடுக்கத் தெரிஞ்சது அதுதானே அண்ணி."

"அதுக்குன்னு ஜன்னல் பூரா அடுக்கி வச்சா எப்படி? காத்து வர வேண்டாமா?"

சொல்வாளே தவிர, வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் புட்டிகளைத் தூசி துடைப்பவளும் அவள்தான்.

அந்த வருஷம் வாளி விடுப்புக்கு வரவில்லை. அட்டை வந்தது: இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. அதற்கு முன்பே ஒரு பெட்டியில் வந்த புட்டி முப்பத்தேழு காட்டியிருந்தது. அவ்வளவு உப்பை அவர் அதுவரை அனுப்பியதே இல்லை. சொட்டுக்கு அன்று முகமெல்லாம் மலர்ந்தது. "மழையே இல்லாத கடல் அண்ணே. வெள்ளை வெயில். கண்ணைச் சுருக்கிட்டு நிப்பாரு" என்றாள். நாத்தனார் அன்றைக்கே மெல்லிய துணியில் இரண்டு சட்டை வெட்டினாள். சீட்டில் எழுத்து கோணலாக இருந்தது. கப்பல் ஆட்டத்தில் எழுதியிருப்பார் என்று நானே சொன்னேன்.

அடுத்த பெட்டியிலும் முப்பத்தேழு. எழுத்து கோணல்.

மூன்றாவது பெட்டி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம் வரை குழாயில் தண்ணீர் வரவில்லை. கழுவ முடியாத புட்டிகள் மேஜை நிறைய நின்றன. ஐந்து மணிக்கு அவள் அந்தப் புட்டியை அளந்தாள். குறித்தாள். அப்புறம் எழுந்து போய் பட்டியல் புட்டிகளின் அளவுப் பதிவேட்டை எடுத்து வந்து வைத்துக்கொண்டாள்.

"என்ன, இதுவும் வெயில் கடலா?" என்று கேட்டேன்.

"முப்பத்தேழுதான்."

"நல்லதுதானே. சட்டை தைச்சது வீண் போகல."

"அண்ணே, இங்க வாங்க. இந்தச் சீட்டுல என்ன தேதி? அதே தேதியில பட்டியல் புட்டி ரெண்டு இருக்கு. அதே கப்பல்தான். அது ரெண்டும் முப்பத்தி மூணு காட்டுது. போன பெட்டியைப் பாருங்க. அதுவும் முப்பத்தி மூணு, முப்பத்தி நாலு. கப்பல் நாலு மாசமா மழைக்கடல்லதான் நிக்குது."

"மூடி சரியில்லாம தண்ணி ஆவியாகியிருக்கும்."

"மூணு புட்டியிலயும் ஒரே அளவா ஆவியாகுமா? கடல்ல எடுத்தா பின்னத்துல வித்தியாசம் இருக்கும் அண்ணே. இது மூணும் அச்சடிச்ச மாதிரி இருக்கு."

அவள் வேறொரு குடுவையை எடுத்தாள். அது மக்னீசியமும் கால்சியமும் பார்க்கிற சோதனை. எதிரே கிடக்கிற எங்கள் கடலிலேயே கொஞ்சம் மொண்டு வரச் சொன்னாள். மொண்டு வந்தேன். மருந்து போட்டதும் அது திராட்சை நிறத்தில் சிவந்தது. வேறு குழாயிலிருந்து விட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனையோ விட்ட பிறகுதான் நீலமானது. அடுத்து வாளியின் புட்டி. மருந்து போட்டாள், சிவந்தது. ஒரு திருகு திருகினாள். மூன்று சொட்டு விழுந்திருக்கும். குடுவை முழுக்க நீலம்.

"அப்படின்னா?" என்றேன்.

"மக்னீசியம் இல்ல. எந்தக் கடலுக்குப் போனாலும், உப்பு கூடினாலும் குறைஞ்சாலும், ஒண்ணுக்கொண்ணு பங்கு மாறாது அண்ணே. இவ்வளவு குளோரின் இருந்தா இவ்வளவு மக்னீசியம் இருந்தே ஆகணும்." குடுவையை மேஜையில் வைத்தாள். "இது கடல் இல்ல. குழாய்த் தண்ணியில சமையல் உப்பைப் போட்டுக் கலக்கியிருக்கு."

அவள் அழவில்லை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவாமல் போனாள். அப்படி அவள் போனது அதுதான் முதல் தடவை. நான்தான் எல்லாவற்றையும் கழுவி வைத்தேன்.

வீட்டில் நாத்தனார் விஷயத்தைக் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினாள். புட்டியைத் திறந்து விரலை விட்டு நாக்கில் வைத்தாள். நான் தடுப்பதற்குள் இன்னொரு தடவையும் வைத்தாள்.

"கசப்பே இல்லையே. கடல் தண்ணின்னா அடிநாக்குல கசக்கணும். இதுல மீனைப் போட்டு வேக வச்சிரலாம்" என்றாள். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "கரையில இருக்கான். எவளோ ஒருத்தி வீட்டு அடுப்படியில உக்காந்து உப்பைக் கலக்கி அனுப்பியிருக்கான். என் கூடப் பிறந்தவன், எனக்குத் தெரியாதா?"

"அண்ணி, தெரியாததைப் பேச வேண்டாம்."

"வேற என்னதான் காரணம் சொல்லு? கப்பல்ல இருக்கிறவனுக்குக் கடலுக்கா பஞ்சம்?"

"அதான் எனக்கும் தெரியல. விட்டுட்டுப் போறவரு எதுக்கு உப்பை அளந்து போடணும்? வெறும் தண்ணிய அடைச்சு அனுப்பியிருக்கலாம். அதுவும் வேண்டாம், சும்மா இருந்திருக்கலாம். யாரு கேட்டா?"

"உன்னை ஏமாத்தத்தான்."

"என்னை ஏமாத்தணும்னா இவ்வளவு சிரமப்பட வேண்டியதில்ல" என்றாள் சொட்டு. "நான் ஏமாறத்தான் உக்காந்திருந்தேன்."

நாத்தனார் ஜன்னலுக்குப் போனாள். அந்த மூன்று புட்டிகளையும் கொட்டிவிட எடுத்தாள். சொட்டு எழுந்து வந்து அவள் கையிலிருந்து வாங்கி மறுபடியும் ஜன்னலில் வைத்தாள்.

"இருக்கட்டும் அண்ணி. அதுவும் அவர் கையால கலக்கினதுதானே."

கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம் என்றேன். வேண்டாம் என்றாள். கேட்டு, பதில் வந்து, அது நாத்தனார் சொன்ன மாதிரியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் அவளுக்கு. வெளியே சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு மாதாமாதம் வர வேண்டிய பணம் ஏஜென்ட் மூலம் தவறாமல் வந்துகொண்டிருந்ததால் மற்ற யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இரண்டு மாதம் அவள் வழக்கம்போல் அளந்தாள். ஒரு சொட்டும் தவறவில்லை. ஆனால் லாரி சத்தம் எது கேட்டாலும் தலை வாசல் பக்கம் திரும்பும். காய்கறி லாரிக்குக்கூடத் திரும்பியது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வாளி மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன்.

அடுத்த பெட்டியோடு கப்பல் சமையல்காரரும் லாரியிலிருந்து இறங்கினார். விடுப்பில் ஊருக்குப் போகிற வழியாம். தடித்த மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து புட்டி வாங்குகிற மேஜைக்கு முன்னால் நின்றார். கையில் காகிதம் சுற்றிய புட்டி ஒன்று.

"வாளி வீட்டுக்காரம்மா யாருங்க? எப்பவும் பெட்டியில நான்தான் இதைச் செருகுவேன். இந்தத் தடவை நானே வர்றதால கையில கொண்டுவந்துட்டேன்."

சொட்டு மேஜைக்கு வந்தாள். புட்டியை வாங்கவில்லை.

"அவர் எங்க இருக்காரு?"

"கப்பல்லதான்" என்றார். அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். மனிதருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் போதாது. நெற்றியைத் துடைத்தார்.

"இது சமையல் உப்பு. குழாய்த் தண்ணி. எனக்குத் தெரியும். எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு எல்லாம் தானாக வந்தது.

"எட்டு மாசம் ஆச்சும்மா. கயிறு சுத்துற உருளையில வலது கை மாட்டிக்கிச்சு. மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. பக்கத்துத் துறைமுகத்துல இறக்கினோம். அங்க முடியாதுன்னு உள்நாட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. ரெண்டு நாள் ரயிலு. கடல்னா என்னன்னு கேக்குற ஊரு. கை இருக்கு, ஆனா பிடிக்காது. இப்ப அந்த ஆஸ்பத்திரி சமையல் கட்டுலயே சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலையில இருக்காரு. அடிபட்டதுக்குக் கப்பல்காரங்க குடுக்கிற பணத்தைத்தான் ஏஜென்ட் மூலமா உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்காரு."

"உசிரோட இருக்காரு."

"ஐயோ, நல்லா இருக்காரும்மா. நாலு சப்பாத்தி போட்டா அஞ்சு திங்கிறாரு."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்திருக்கலாமே" என்றேன் நான். கோபம் எனக்கு.

"சொல்லாமலா இருந்தோம்? வாளி இறக்க முடியாதவன் அவ முன்னாடி போயி என்ன செய்யன்னு கேட்டாரு. நான் கொண்டுபோனது தண்ணி ஒண்ணுதான், அதுவும் இல்லாம வெறுங்கையோட எப்படிப் போறதுன்னாரு. புட்டி நின்னா அவ பயந்துருவான்னு சொல்லி அங்கேயே கலக்க ஆரம்பிச்சாரு. லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம்னு அம்மா சொல்லுவீங்களாமே. தராசுல ஒரு கல்லு கூடாம குறையாம நிறுப்பாரு. எனக்குப் பார்சல்ல அனுப்புவாரு, நான் பெட்டியில வைப்பேன். சீட்டு எழுதத்தான் பாவம், இடது கையில அரை மணி நேரம் ஆகும்."

"முப்பத்தஞ்சுன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் சொட்டு. எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "அது எல்லா உப்பும் சேர்ந்து முப்பத்தஞ்சு. அதுல எட்டு மத்ததெல்லாம். மக்னீசியம், கால்சியம், கந்தகம், பொட்டாசியம், இன்னும் பேரே சொல்லாத எத்தனையோ. அவர் முப்பத்தஞ்சையும் ஒரே உப்பாப் போட்டுட்டாரு. அதுல குளோரின் கூடுதல், அதான் முப்பத்தேழு காட்டியிருக்கு. பத்தொம்பது வருஷத்துல நான் அவருக்கு அந்த எட்டைச் சொல்லவே இல்ல அண்ணே."

சமையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் சொல்லிட்டேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டு தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

நாத்தனார் அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சுவர் வழியாக எனக்குக் கேட்டது. தம்பியைச் சொன்ன சொல்லுக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். உடனே ரயிலேறிப் போய்க் காதைப் பிடித்து இழுத்து வருகிறேன் என்று பையைக் கட்டினாள். சொட்டு அவளை உட்கார வைத்தாள்.

"நாம போய்க் கூட்டிட்டு வந்தா, கூட்டிட்டு வந்தவராத்தான் இருப்பாரு அண்ணி. அவரா வரணும். வர்றதுக்கு அவருக்கு ஒரு வேலை இருக்கணும்."

மறுநாள் காலையில் அவள் அலுவலக அலமாரியில் ஒரு தாளைத் தேடி எடுத்தாள். எங்கள் கூடத்தில் நிராகரிப்புத் தாள் என்று ஒன்று உண்டு, ரோஸ் நிறத்தில். மூடி தளர்ந்தோ, சீட்டு கிழிந்தோ வந்த புட்டிக்கு அதை நிரப்பி அனுப்ப வேண்டும். கீழே அச்சில் ஒரு வரி இருக்கும்: 'இந்த மாதிரி ஏற்கப்படவில்லை. எடுத்தவர் நேரில் வந்து மறுபடி எடுத்துத் தரவும்.' நடுக்கடலில் எடுத்த தண்ணீரை நேரில் வந்து எப்படி மறுபடி எடுப்பது என்று அச்சடித்தவருக்கே வெளிச்சம். அதனால் கட்டு பிரிக்காமல் கிடந்தது.

அவள் எழுதியதை நான் பக்கத்தில் நின்று படித்தேன். மாதிரி எண்: பட்டியலில் இல்லை. உப்பு: இருக்கிறது. மக்னீசியம்: இல்லை. கால்சியம்: பெயரளவுக்கு. பொட்டாசியம்: இல்லை. கந்தகம்: இல்லை. நிராகரிப்பதற்கான காரணம் என்ற இடத்தில், 'ஒன்று மட்டும் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சமையல்காரர் விட்டுப்போன பார்சல் காகிதத்தில் ஆஸ்பத்திரி முகவரி இருந்தது. அதற்கே தபாலில் சேர்த்தேன்.

பதினேழு நாள் ஆயிற்று. அவள் எண்ணினாளோ என்னவோ, நான் எண்ணினேன்.

பதினெட்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேஜைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றார். இளைத்துப் போயிருந்தார். வலது கையை முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தார். இடது கையில் அந்த ரோஸ் தாள், நாலாக மடித்து மடித்துப் பிரித்தது. நான் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மறுபடி எடுத்துத் தரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

உள்ளேயிருந்து சொட்டு வந்தாள். அலமாரியிலிருந்து ஒரு வாளியையும் கயிற்றையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கூடவே நான் கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு புட்டி.

"பின்னாடி படித்துறை இருக்கு" என்றாள்.

இரண்டு பேரும் முன்னால் போனார்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். போகாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் இடது கையால் வாளியை இறக்கினார். முதல் தடவை அது மிதந்துகொண்டே இருந்தது, மொள்ளவில்லை. அவள் உதவிக்குப் போகவில்லை. இரண்டாம் தடவை கயிற்றைச் சுண்டி, வாளியைக் கவிழ்த்து, இழுத்துவிட்டார். பாதி சிந்திப்போயிற்று. புட்டியில் கொஞ்சம் ஊற்றி அலசிக் கொட்டினார். மூன்று தடவை, முறை தவறாமல். நிரப்பினார். மூடியைத் திருக இன்னொரு கை வேண்டியிருந்தது. அப்போது அவர் சட்டைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். அது வெளுத்து, விரல்கள் உள்ளே மடங்கிக் கிடந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கறுத்த விரல்களால் பிடித்து, புட்டியின் கழுத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மறு கையால் மூடியைத் திருகினாள்.

"இவ்வளவுதான்" என்றாள். "இதுக்கு எட்டு மாசம்."

அவர் தலையை ஆட்டினார். மூக்கை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது.

கூடத்துக்கு வந்து அவள் அளக்க உட்கார்ந்தாள். அவர் எதிரே என் முக்காலியில். குடுவையில் வெள்ளையாகக் கட்டியது. மஞ்சள் நின்றது. சொட்டுச் சொட்டாக விட்டாள். விட்டுக்கொண்டே, "முப்பத்தஞ்சுல மத்தது எட்டு இருக்கு, உங்களுக்கு ஒவ்வொண்ணாச் சொல்றேன்" என்று தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கை திருகிலேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடுவையில் செங்கல் நிறம் எட்டிப் பார்த்து, பரவி, அடர்ந்த சிவப்பாகிவிட்டது. எத்தனை சொட்டு தாண்டியதோ எண்ணவே முடியாது.

அவள் குனிந்து பார்த்தாள். திருகை மூடினாள்.

"தாண்டிருச்சு. மறுபடி எடுக்கணும்" என்றாள்.

அவர் எழுந்து வாளியை எடுத்துக்கொண்டார். அவளும் கூடவே போனாள். புட்டியில் முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது. இன்னும் பத்து தடவை அளக்கக் காணும். நான் அதைச் சொல்லவில்லை. குடுவையை எடுத்துப்போய்க் குழாயடியில் வைத்து, அவசரமில்லாமல் கழுவினேன்.